பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் போய்விடுமா?

மத்தியானம் ஒரு மணி. சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை. ஐந்து வயதுப் பையன் ஒருவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தட்டில் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைந்த சாதம். அதை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். பிறகு தட்டைத் தள்ளிவிட்டான்.

"தச்சாதம்" என்றான். தயிர் சாதம் என்பதை அவன் அப்படித்தான் சொல்வான். அவனுக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அன்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தான். தயிர், குளிர்சாதனப் பெட்டியில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் தாய் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பையனுக்கு ஆட்டிசம். பாலும் பால் பண்டங்களும், கோதுமையும் கோதுமைப் பண்டங்களும் ஆறு மாத காலம் கண்ணில் படக் கூடாது, பேச்சு தானாக வந்துவிடும் என்று அவர்கள் போய் வந்த ஒரு சிகிச்சை நிலையத்தில் கூறினார்களாம். "பச்சைப் பிள்ளைக்கு யாராவது தயிரை நிறுத்துவாங்களா?" என்று மாமியார் அங்கலாய்க்கிறார். "ஆறு மாசந்தானே, செஞ்சுதான் பாரேன்" என்கிறார் கணவர். இருவருக்கும் நடுவில் நின்ற தாய் நம்மிடம் கேட்டாள்:

"நீங்க பத்திரிகையிலே இருக்கீங்களே, இது நிஜமா இல்லையான்னு சொல்லுங்க. நான் செய்யாம விட்டு, அதனாலேயே இவனுக்குப் பேச்சு வராமப் போயிட்டா என்ன பண்றது?"

இந்தக் கேள்வி இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கேட்கப்படுகிறது. அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

மருந்து இல்லை, பத்தியம் உண்டு!

ஆட்டிசம் என்பது தொற்று நோய் அல்ல, பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவதிலும், மனத்தில் உள்ளதைச் சொல்வதிலும் சிரமம் இருக்கும். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் இருக்கும். ஒலி, ஒளி, தொடு உணர்ச்சி ஆகியவை சில குழந்தைகளைத் தாங்க முடியாத அளவு தாக்கும். உலகில் 127 பேரில் ஒருவருக்கு இது இருந்தது என்பது 2021ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் தரும் மதிப்பீடு.

இதைப் 'போக்கும்' மருந்து எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி, பழகும் முறைப் பயிற்சி, விளையாட்டோடு சேர்ந்த கல்வி ஆகியவற்றை இளம் வயதிலேயே தொடங்கினால் குழந்தை முன்னேறும். ஆனால் முன்னேற்றம் அங்குலம் அங்குலமாகத்தான் வரும். பெற்றோருக்கோ பொறுமை எவ்வளவு உண்டோ அவ்வளவு தவிப்பும் உண்டு.

மருந்து என்றால் பத்தியம் உண்டு என்பது நம் வீடுகளில் ஊறிய எண்ணம். மஞ்சள் காமாலைக்கு எண்ணெய் ஆகாது, சிரங்குக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே ஆட்டிசத்துக்கும் ஒரு பத்தியம் உண்டு என்று யாராவது சொன்னால் அது நம் காதில் சுலபமாக ஏறிவிடுகிறது. மருந்தே இல்லாத இடத்தில் பத்தியம் மட்டும் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறது!

இந்தப் பத்தியம் எங்கே பிறந்தது?

கோதுமையில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. ரொட்டி மாவு இழுத்தால் இழுபடுவது அதனால்தான். பாலில் உள்ள முக்கியப் புரதம் கேசீன்.

குளூட்டன் சிலருக்கு உண்மையிலேயே விஷம்தான். 'சீலியாக்' என்ற வியாதி உள்ளவர்களுக்குக் கோதுமை, குடலின் உட்புறத்தை அரித்துவிடும். இதைக் கண்டறிந்தவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லம் டிக்கே. கோதுமை மீது அவருக்கு 1930களிலேயே சந்தேகம் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலமான 1944–45ல் ஹாலந்தில் பெரும் பஞ்சம். கடைகளில் ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்து வாடிய அந்த நாளில், இந்த வியாதி உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! டிக்கே தம் ஆராய்ச்சியை 1950ல் வெளியிட்டார். இது ஐயத்துக்கு இடமில்லாத விஞ்ஞான உண்மை.

ஆட்டிசத்தின் கதை வேறு. 1979ல் அமெரிக்காவில் ஜாக் பாங்க்ஸெப் என்ற விஞ்ஞானி ஒரு கருத்தை வெளியிட்டார். மூளையில் அபினி போன்ற இயற்கைப் பொருள்களின் ஆதிக்கம் மிகுந்துவிடுவதே ஆட்டிசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். நார்வே தேசத்து விஞ்ஞானி கார்ல் ரைஹெல்ட் இதனுடன் ஆகாரத்தை இணைத்தார். கோதுமையும் பாலும் சரிவர ஜீரணமாகாமல் அபினி போன்ற துணுக்குகளாகி, குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து மூளையை மயக்குகின்றன என்பது அந்தக் கொள்கையின் சாரம். அந்தத் துணுக்குகள் சிறுநீரில் தென்படுவதாகவும் சொல்லப்பட்டது.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் லண்டனில் ஆட்டிசம் உள்ள 65 பையன்களின் சிறுநீரையும், மற்றக் குழந்தைகள் 158 பேரின் சிறுநீரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அபினி போன்ற துணுக்குகள் எவருடைய சிறுநீரிலும் அகப்படவில்லை. இந்த முடிவு 2008ல் பிரசுரமாயிற்று.

சோதனைகளின் தீர்ப்பு

கொள்கை தவறாக இருந்தாலும் பத்தியம் பலன் தரலாம் அல்லவா? நியாயமான கேள்வி. அதையும் சோதித்திருக்கிறார்கள்.

2002ல் நார்வேயில் இருபது குழந்தைகளில் பத்துப் பேருக்கு ஓராண்டு பத்தியம் கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பேரும் நன்கு முன்னேறியதாக அறிக்கை வெளிவந்தது. 2010ல் டென்மார்க்கில் 72 குழந்தைகளிடம் நடந்த சோதனையிலும் சில அம்சங்களில் முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் இரண்டிலும் ஒரு பெரிய குறை. எந்தக் குழந்தை பத்தியத்தில் இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். தெரிந்தால் மனம் பலனைத் தேடத்தானே செய்யும்?

இந்தக் குறையை நீக்கி நடந்த சோதனைகளும் உண்டு. 2006ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் பதினைந்து குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரம் ஆகாரம் தயாரித்தே கொடுத்தார்கள். எந்த வாரம் பத்தியச் சாப்பாடு, எந்த வாரம் சாதாரணச் சாப்பாடு என்பது பெற்றோருக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. கணக்கிட்டுப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அளவுகோல் எதையும் காட்டாதபோதும், குழந்தையிடம் முன்னேற்றம் கண்டதாகச் சில பெற்றோர் உறுதியாகச் சொன்னார்கள்.

நியூயார்க் ராஜ்யத்தில் ராச்செஸ்டர் நகரில் நடந்து 2016ல் வெளியான சோதனை இன்னும் கறாரானது. பதினான்கு சிறு குழந்தைகளை முதலில் சில வாரம் முழுப் பத்தியத்தில் வைத்தார்கள். பிறகு ஒருவருக்கும் தெரியாமல், தின்பண்டத்துக்குள் கோதுமை மாவையோ பால் பவுடரையோ இரண்டையுமோ மறைத்துக் கொடுத்தார்கள். சில முறை எதுவுமே கலக்காமல் கொடுத்தார்கள். குழந்தைகளின் தூக்கம், நடத்தை, மலம் கழித்தல் எதிலும் மாறுதல் இல்லை.

பிரிட்டனில் வைத்தியர்களுக்கு வழிகாட்டும் 'நைஸ்' என்னும் ஸ்தாபனம், ஆட்டிசத்தின் அடிப்படைக் குணங்களுக்குச் சிகிச்சையாகப் பால் நீக்கிய, கோதுமை நீக்கிய ஆகாரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013லேயே கூறிவிட்டது.

அப்படியானால் தாய் கண்டது பொய்யா?

"என் பிள்ளைக்குக் குணம் தெரிந்ததே!" என்று சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

குழந்தை வளர்ந்து கொண்டேயிருக்கிறது. ஆறு மாதத்தில் பத்தியம் இல்லாமலும் சிறிது முன்னேறும். பத்தியம் தொடங்கும் வீட்டில் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியும் தொடங்கியிருக்கும். பயிற்சியின் புகழைப் பத்தியம் தட்டிக்கொண்டு போகிறது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. சில குழந்தைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரை ஜீரணமாகாது. வயிறு உப்பும், வலிக்கும். பேச்சு வராத குழந்தை வயிற்று வலியை எப்படிச் சொல்லும்? அழும், தலையை முட்டிக்கொள்ளும், இரவில் தூங்காது. பாலை நிறுத்தியதும் வலி போகிறது, குழந்தை சாந்தமாகிறது. போனது வயிற்று வலிதான், ஆட்டிசம் அல்ல. ஆனால் அந்த வலியைக் கண்டுபிடித்ததே பெரிய காரியம். ஆட்டிசம் உள்ள குழந்தையின் 'முரட்டுத்தனம்' எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கிலேயே எழுதிவிடாமல், வயிற்றையும் பல்லையும் காதையும் டாக்டரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.

பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாத பல குழந்தைகளுக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி ஏற்கெனவே புளித்துப் போயிருக்கிறது.

அரிசி நாட்டில் கோதுமைப் பத்தியம்

இந்தப் பத்தியம் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்னும் நாடுகளில் பிறந்தது. அங்கே கோதுமையை நிறுத்துவது அடுப்பையே மாற்றுவது போன்ற காரியம். நமக்கு அப்படியல்ல. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, பொங்கல், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாமே கோதுமை இல்லாதவை. பல மடங்கு விலை கொடுத்து 'குளூட்டன் இல்லாத' பிஸ்கோத்தும் ரொட்டியும் வாங்கி ஏமாற வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுத் தாய்க்கு இல்லை.

சீலியாக் வியாதியும் தென்னாட்டில் மிகக் குறைவு. இந்தியாவில் 23,000க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்துச் சோதித்து 2016ல் வெளியிட்ட முடிவுகளின்படி, அதன் அறிகுறி வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவரிடம்தான். குறைவு என்பதால் இல்லவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எடை ஏறாத, அடிக்கடி வயிற்றுப்போக்கு உள்ள, சோகை பிடித்த குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். அதைக் கோதுமை சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் வியாதி ஒளிந்து கொள்ளும்!

வியாதி இருப்பது உறுதியானால் அப்போது பத்தியத்தில் அரைகுறை உதவாது. ரவை, சேமியா, மைதா, பரோட்டா ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாமல் நுழைபவையும் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரிலும் ரசத்திலும் அது தினமும் விழுகிறது. மால்ட் சேர்ந்த பானங்களில் பார்லி இருக்கும். சோயா சாஸில் கோதுமை உண்டு. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகை அரைத்தால் அதிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தப் பண்டத்துக்குக் 'குளூட்டன் இல்லாதது' என்று பெயர் சூட்ட நம் நாட்டு உணவு விதிகள் இடம் தருவதில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

ஆக, கோதுமை நமக்குப் பெரிய பிரச்னை அல்ல. பால்தான் பிரச்னை.

சுருங்கும் தட்டு

நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ல் வகுத்த அளவு. நூறு மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு டம்ளர் பாலோ தயிரோ தேவையின் பெரும் பகுதியைத் தீர்த்துவிடும். தேங்காய்ப் பாலோ பெயரில்தான் பால். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதில் மிகக் குறைவு. மரக்கறிக் குடும்பங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பி-12 என்ற வைட்டமின் அவர்களுக்குக் கிடைக்கும் முக்கிய வழியே பாலும் தயிரும்தான்.

"பால் போனால் என்ன, கேழ்வரகு இல்லையா?" எனலாம். உண்மைதான், நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உண்டு. எள்ளிலும் முருங்கைக் கீரையிலும் நெத்திலிக் கருவாட்டிலும் ஏராளம். ஆனால் இவற்றை யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சாப்பாட்டுப் பிரச்னை மற்றக் குழந்தைகளைவிட ஐந்து மடங்கு அதிகம் என்று 2013ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். சில குழந்தைகள் வெள்ளை நிறப் பண்டங்களையே தொடும். சிலருக்கு மொறுமொறுப்பாக இருந்தால்தான் ஆகும். சிலர் ஒரே கம்பெனி பிஸ்கோத்தைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். இது அடமல்ல. நாக்கும் மூக்கும் விரலும் அவர்களுக்கு வேறு விதமாக வேலை செய்கின்றன.

நாம் பார்த்த பையன் மொத்தம் ஐந்தே பண்டங்கள் சாப்பிடுவான்: தயிர் சாதம், முறுகல் தோசை, உருளைக்கிழங்கு வறுவல், வாழைப்பழம், ஒரு வகை பிஸ்கோத்து. பத்தியம் அதில் இரண்டைப் பறித்துவிட்டது. மீதி மூன்று. இப்படிப் பறிப்பதன் விளைவு எலும்பில் தெரியும். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 75 சிறுவர்களின் கை எலும்பைப் படம் பிடித்துப் பார்த்து 2008ல் வெளியிட்டார்கள். பொதுவாகவே எலும்பின் கனம் குறைவாக இருந்தது. பாலை நிறுத்தியிருந்த சிறுவர்களிடம் அது மேலும் குறைவாக இருந்தது.

பழி எப்போதும் தாய் மேல்தானா?

அந்தத் தாய் கேட்ட கேள்வியில் இன்னொரு வேதனையும் இருந்தது. "நான் செய்யாம விட்டு" என்றாள் அல்லவா? ஆட்டிசத்தின் சரித்திரம் நெடுகிலும் தாய்மார்கள் இந்தப் பழியைச் சுமந்திருக்கிறார்கள்.

1943ல் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற டாக்டர், பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு அந்தப் பெயரைத் தந்தார். சில ஆண்டுகளுக்குள் அவரே, இக்குழந்தைகளின் பெற்றோர் பாசமற்றவர்கள், குளிர்ப் பெட்டியில் வைத்ததுபோல் பிள்ளைகளை வளர்த்தவர்கள் என்று எழுதினார். 1967ல் சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் ஒரு பெரிய புத்தகமே எழுதித் தாயின் மேல் குற்றத்தை ஏற்றினார். எத்தனை தாய்மார்கள் அழுதார்களோ!

இதை எதிர்த்து நின்றவர் பெர்னார்ட் ரிம்லண்ட். மனோதத்துவ நிபுணர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பனார். இது மூளையோடு பிறந்த விஷயம், வளர்ப்பின் குற்றமல்ல என்று 1964ல் அவர் புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் கானரேதான்! 1969ல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில், குற்றத்திலிருந்து உங்களை விடுவிக்கிறேன் என்று கானர் பகிரங்கமாகவே கூறினார். 1977ல் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், பரம்பரைக் கூறு இதில் பலமாக இருப்பதை எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். தாய்மார்களை விடுவித்த அதே ரிம்லண்ட், பிற்காலத்தில் வைட்டமின்களையும் இந்தப் பால்-கோதுமைப் பத்தியத்தையும் பிரசாரம் செய்தவர்களில் ஒருவரானார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். விளைவு என்ன? மடியில் இருந்த பழி, கரண்டிக்கு மாறியது! முன்பு, "நீ அன்பாக அணைக்கவில்லை" என்றார்கள். இப்போது, "நீ சரியாகச் சமைக்கவில்லை" என்கிறார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், கர்ப்பிணிகள் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையை ஆட்டிசத்தோடு சம்பந்தப்படுத்திப் பேசினார். அதற்கு முடிவான விஞ்ஞானச் சான்று இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் உடனே தெரிவித்தது. சான்று இல்லாவிட்டால் என்ன? எங்கோ ஒரு தாய், கர்ப்ப காலத்தில் காய்ச்சலுக்குப் போட்டுக் கொண்ட ஒரு மாத்திரையை நினைத்துத் தூக்கம் இழந்திருப்பாள்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எந்தப் பண்டத்தையும் நிறுத்துவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். சீலியாக், பால் ஒவ்வாமை, பால் சர்க்கரை ஜீரணமாகாமை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். ஏதாவது ஒன்று இருப்பது உறுதியானால், அதற்கு உரிய பத்தியத்தை ஆகார நிபுணரின் யோசனைப்படி செய்ய வேண்டும். அது குழந்தைக்கு உரிய நீதி.

இரண்டாவது, தட்டைச் சுருக்காமல் விரிக்க வேண்டும். அதிரடி ஆகாது. முறுகல் தோசை பிடித்த குழந்தைக்கு, மாவில் ஒரு ஸ்பூன் கேழ்வரகு மாவு மட்டும் கலந்து அதே முறுகலில் வார்த்துப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால், சில நாள் கழித்து இன்னொரு ஸ்பூன். எள்ளை முழுசாகப் போடாமல் பொடித்துப் போடுங்கள். புதிய பண்டத்தைப் பழைய பண்டத்தின் பக்கத்தில் வைத்தால் போதும். வாயில் திணிக்க வேண்டாம். அன்று தொட்டுப் பார்த்தால் அதுவே வெற்றி. இன்னொரு நாள் முகர்ந்து பார்ப்பான்.

மூன்றாவது, பயிற்சியை ஒத்திப்போடக் கூடாது. பத்தியம் பலிக்கட்டும் என்று ஆறு மாதம் காத்திருப்பது, திரும்பி வராத ஆறு மாதத்தை இழப்பதாகும். 2013ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டங்களில் பெரிய அரசு மருத்துவமனைகளையொட்டி, வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் சேவை மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. காசு பிடுங்கும் இடங்களுக்கு ஓடுமுன் இவற்றின் படியில் ஏறிப் பார்ப்பது நல்லது.

அந்தப் பையன்

சில வாரங்கள் கழித்து அதே வீட்டுக்குப் போனோம். டாக்டர் சோதித்துப் பார்த்து, பாலாலோ கோதுமையாலோ பையனுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சி தருபவர் தாய்க்கு ஒரு யுக்தி சொல்லிக் கொடுத்திருக்கிறார். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பையனின் முகத்தைப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் சும்மா காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றும் மத்தியானம் ஒரு மணி. தாய் கிண்ணத்தோடு காத்திருந்தாள். பையன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, தச்சாதம்" என்றான்.

ஒரு வார்த்தை கூடியிருந்தது. பேச்சு வருவதற்கென்று எந்தத் தயிரை நிறுத்தச் சொன்னார்களோ, அந்தத் தயிரைக் கேட்பதற்காகத்தான் அவன் தாயைக் கூப்பிட்டான்!